பதினொரு மரவில்லைகள்

பாலத்து வழியாகப் பஸ் ஓடுவதற்கு முன்னால் காவிரியை ஓடத்தில் கடந்தவர்களுக்கு, அதாவது என் வயதுக்காரர்களுக்கு, இதைச் சொல்கிறேன். மோகனூருக்கு மேற்கே எங்கள் துறையில் வேங்கைமரப் படகு ஒன்று ஓடியது உங்களில் சிலருக்காவது நினைவிருக்கும். ஊர்ப் பக்கத்துப் பலகையில், கைபிடித்து ஏறும் இடத்துக்குச் சற்றுக் கீழே, வரிசையாகக் கறுப்புப் புள்ளிகள் இருந்தன. காய்ந்திருக்கும்போது சும்மா அழுக்கு மாதிரி இருக்கும். நனைந்தால் நன்றாகத் தெரியும். சின்னப் பிள்ளைகள் குனிந்து எண்ணிக்கொண்டே அக்கரை போய்ச் சேர்வார்கள். பத்துப் புள்ளி. திருஷ்டிக்காகச் சூடு வைத்தது என்று சிலர் சொன்னார்கள். பலகையில் பூச்சி விழுந்தது என்றும் பேச்சு உண்டு. நான் அந்தப் பேச்சில் கலந்துகொண்டதில்லை. நாலு பேர் இருக்கும் இடத்தில் எனக்குப் பேச வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், பேசுவதைவிட எழுதுவது எனக்குக் கொஞ்சம் எளிது. அதனால் எழுதிவிடுகிறேன். அந்தப் புள்ளிகள் என் வேலை.

அப்போது எனக்குப் பத்து வயது. அக்கா என்னைவிட இரண்டு வயது மூத்தவள். மேட்டூரில் அணை கட்டி முடித்திருந்த சமயம் அது. அங்கே மிஞ்சிய சாமான்களை ஏலம் விட்டபோது, எங்கள் படகுத்துறையைக் குத்தகைக்கு எடுத்திருந்த பண்ணைக்காரர் ஒரு பெட்டி நிறையப் பித்தளைத் திருகாணி வாங்கிவந்தார். அவரை ஊரில் துறைக்காரர் என்போம். அதுவரை எங்கள் துறையில் ஓடிய படகுகளில் எல்லாம் இரும்பாணிதான். இரண்டு மழைக்காலம் போனால் ஒவ்வோர் ஆணியிலிருந்தும் துரு வடிந்து பலகை முழுக்கச் சிவப்புக் கோடு இழுத்திருக்கும். அணைக்கட்டில் துரைமார் ஏறிப்போன படகைப் பார்த்துவிட்டு வந்த துறைக்காரருக்கு, அதேபோலத் திருகாணி போட்டு ஒரு படகு கட்டவேண்டும் என்று ஆசை வந்துவிட்டது.

எங்கள் அப்பா ஆசாரி. ஏர், வண்டி, நிலை, கதவு எல்லாம் செய்வார். அவர் செய்த வண்டிச் சக்கரத்துக்குப் பரமத்திச் சந்தை வரைக்கும் பெயர் இருந்தது. படகையும் நானே செய்துவிடுகிறேன் என்று துறைக்காரரிடம் போய்ச் சொன்னார். துறைக்காரர் மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் மலையாளத்தில் கள்ளிக்கோட்டைப் பக்கத்திலிருந்து ஒரு படகு மேஸ்திரியை வரவழைத்துவிட்டு, "நீங்களும் கூட இருங்க ஆசாரி, கைக்குக் கையா இருக்குமுங்க" என்றார். அப்பா தலையாட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்ததும் உளிகளை எடுத்து வைத்துக்கொண்டு தீட்ட ஆரம்பித்தார். முந்தின நாள்தான் எல்லா உளியையும் தீட்டி வைத்திருந்தார்.

ஆற்று மணலில் பனையோலைக் கொட்டகை போட்டார்கள். கொல்லிமலையிலிருந்து வேங்கை மரம் வண்டி வண்டியாக வந்தது. வேங்கையை அறுத்தவர்களுக்குத் தெரியும், அதன் தூள் வியர்வையில் பட்டால் மஞ்சளாக ஒட்டிக்கொள்ளும். அந்தக் கோடை முழுக்க எங்கள் வீட்டில் எல்லோருக்கும் கழுத்தும் முழங்கையும் மஞ்சளாகவே இருந்தன. இன்னொரு பக்கம் சட்டியில், பலகை இடுக்கை அடைக்கும் குங்கிலியத்தை எண்ணெயில் காய்ச்சுவார்கள். அந்த வாசம் சோற்றில்கூட இருக்கும். அம்மா கம்மஞ்சோறும் மோரும் கொடுத்துவிடுவாள். மேஸ்திரிக்கு மட்டும் தனியாக அரிசிச் சோறு. அந்தத் தூக்குப்பாத்திரத்தை நான் எடுத்துப்போக மாட்டேன். அக்காதான் எடுத்துப்போவாள்.

மேஸ்திரி உயரமான, ஒல்லியான மனிதர். பேசுவது பாதி எங்களுக்குப் புரியாது. அக்காவை 'மோளே' என்று கூப்பிடுவார். என்னை 'எடா' என்பார். மோளே என்றால் மகளே என்று அக்கா ஒரே நாளில் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். எடா என்றால் என்ன என்று நான் விசாரிக்கவில்லை. எங்கள் 'டா'தான் என்று கேட்டவுடன் தெரிந்தது. மேஸ்திரியிடம் எனக்கு ஏதாவது கேட்கவேண்டியிருந்தாலும் கூச்சத்தால் கேட்க மாட்டேன். அக்காவின் காதில் சொல்வேன், அவள் கேட்பாள். மேஸ்திரி பதிலை அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார். என்னுடைய கேள்விக்கு வந்த பதில்கள் அத்தனையும் அப்படி அவளுக்கே போய்ச் சேர்ந்தன.

இனி வில்லையைப் பற்றிச் சொல்லவேண்டும். திருகாணியின் தலை பலகைக்கு மேலே தெரியக்கூடாது. விரற்கடை ஆழத்துக்குக் குழி பறித்து, அதற்குள் தலையை இறக்கித் திருகிவிடுவார்கள். மேலே மிஞ்சும் குழியை, புளியங்கொட்டை அகலத்தில் வட்டமான ஒரு மரவில்லையால் மூடவேண்டும். படகில் நானூறு ஐந்நூறு குழி. அத்தனைக்கும் வில்லை. அதை வெட்ட மேஸ்திரி ஒரு கருவி வைத்திருந்தார். சுண்டுவிரல் பருமனில் எஃகுக் குழாய், வாயில் நுண்ணிய பல், நடுவில் பித்தளைப் பூண். அதைத் துளைபோடும் கைத்துரப்பணத்தில் மாட்டி, பலகைத் துண்டின் முகத்தில் வைத்துச் சுற்றினால் உள்ளே வட்டமாக ஒரு வில்லை வெட்டுப்படும். உளி முனையால் ஒரு நெம்பு, கையில் வந்துவிடும். மேஸ்திரி அதைக் குழலுளி என்றார். உரசி உரசி வெள்ளி மாதிரி இருந்தது. அதைப் பார்த்த நாளிலிருந்து எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

சின்ன விரலுக்குத்தான் இந்த வேலை சுலபம் என்று மேஸ்திரி எங்கள் இரண்டு பேரிடமும் கொடுத்தார். காலையில் குழலுளி அக்கா கையில், மத்தியானம் என் கையில். எந்தப் பலகையில் குழி இருக்கிறதோ அதே பலகையின் அறுத்த துண்டிலிருந்துதான் வில்லையும் வெட்டவேண்டும். பலகையின் ரேகை ஓடுகிற திசையிலேயே வில்லையின் ரேகையும் ஓடவேண்டும். ஒட்டியதும் மேலே துருத்தி நிற்பதை உளியால் சீவவேண்டும். அதையும் முதலில் கொஞ்சம் உயரத்தில் சீவிப் பார்த்து, ரேகை எந்தப் பக்கம் சரிகிறது என்று தெரிந்துகொண்டுதான் உளியை அடியில் வைக்கவேண்டும். இல்லையென்றால் வில்லை உள்ளுக்குள் பெயர்ந்துவிடும்.

அப்பாவுக்கு இதெல்லாம் வேடிக்கையாக இருந்தது. சாப்பிடும்போது அம்மாவிடம், ஓட்டையை அடைக்கிற சக்கைக்கு அந்த ஆள் கல்யாணச் சடங்கு மாதிரி நாள் பார்க்கிறான் என்று சொல்லிச் சிரிப்பார். நானும் சிரிப்பேன். அக்கா சிரிக்க மாட்டாள்.

முதல் வாரம் நடந்ததை என்னால் மறக்க முடியவில்லை. ஒவ்வொரு வில்லையாக வெட்டி நெம்புவது எனக்குச் சலிப்பாக இருந்தது. ஒரு நாள் காலையில், குழலுளி அக்கா கையில் இருந்த நேரத்தில், வேங்கைச் சட்டம் ஒன்றை எடுத்துக் குச்சியாகச் செதுக்கி உருட்டினேன். குழிக்குச் சரியாக இருக்கும் பருமன் வந்ததும் முள்ளங்கி அரிவதுபோல ரம்பத்தால் வில்லை வில்லையாக அறுத்துத் தள்ளினேன். மேஸ்திரி சாப்பிட உட்காரும்போது அக்கா பதினைந்து வெட்டியிருந்தாள். என்னிடம் ஐம்பது இருந்தது. கூச்சத்தை விட்டுவிட்டு நானே எடுத்துப்போய் அவர் முன்னால் கொட்டினேன்.

மேஸ்திரி இரண்டு வில்லையை எடுத்தார். என் வில்லையில் ஒன்று, அக்காவின் வில்லையில் ஒன்று, இரண்டையும் தன் தண்ணீர்ச் செம்பில் போட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். கை கழுவிய பிறகு எடுத்துக் காட்டினார். அக்காவின் வில்லை ஈரமாக இருந்தது, அவ்வளவுதான். என்னுடையது ஊறி, கறுத்து, உப்பியிருந்தது. மரத்தை நீளவாக்கில் எடுத்தால் தண்ணீர் மேலே வழிந்து போகும், குறுக்கே வெட்டினால் ஆயிரம் வாயைத் திறந்து குடிக்கும் என்று விளக்கினார். அதை அவர் அக்காவிடம்தான் சொன்னார். பிறகு என் வில்லையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து, "இவன் குடிகாரனாக்கும்" என்றார்.

கொட்டகையில் எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். மேஸ்திரி வந்த நாளிலிருந்து கொட்டகையில் அப்பா சிரித்து நான் பார்த்ததில்லை. என்னைப் பார்த்துத்தான் முதல் சிரிப்பு. குடிகாரர்களைக் கொண்டுபோய் அடுப்பில் போடச் சொன்னார்கள். நான் அடுப்பில் போடவில்லை. ஒரு துணியில் முடிந்து கொட்டகையின் ஓலை மடிப்பில் செருகி வைத்தேன். எதற்காக வைத்தேன் என்று அன்றைக்கு எனக்குத் தெரியாது.

அதன்பிறகு நானும் ஒழுங்காகவே வெட்டினேன். படகின் ஆற்றுப் பக்கம் எனக்கு, ஊர்ப் பக்கம் அக்காவுக்கு என்று மேஸ்திரி பிரித்துவிட்டார். இதில்கூட அவளுக்குத்தான் அதிர்ஷ்டம். வேடிக்கை பார்க்க வருகிறவர்கள் ஊரிலிருந்துதானே வருவார்கள். வந்து அவள் பக்கத்தைத் தடவித் தடவிப் பார்த்து, "எங்கீங்க ஆணி? ஒண்ணையுங் காணமே" என்பார்கள். யாரும் சுற்றிக்கொண்டு ஆற்றுப் பக்கம் வரமாட்டார்கள். வந்திருந்தால் என் வில்லைகள் தெரிந்திருக்கும். மோசம் என்று சொல்ல முடியாது, ஆனால் தேடினால் கிடைக்கும். ஒன்று கொஞ்சம் வெளுப்பு, ஒன்றின் ரேகை கொஞ்சம் சாய்வு.

அவளுடையது தேடினாலும் கிடைக்காது. அதற்கு அவள் செய்ததை நான் ஒளிந்து நின்று பார்த்திருக்கிறேன். குழியின் பக்கத்தில் பலகையை நாக்கு நுனியால் தொடுவாள். ஈரம் பட்ட இடத்தில் மரத்தின் உள்நிறம் ஒரு கணம் தெரியும். அறுத்த துண்டிலும் அதேபோல நாக்கால் தொட்டுத் தொட்டு, அந்த நிறமும் அந்த ரேகையும் சேர்ந்து வருகிற இடத்தைப் பிடிப்பாள். அங்கேதான் குழலுளியை வைப்பாள். யாரும் அவளுக்கு அதைச் சொல்லித்தரவில்லை. மேஸ்திரியே ஒரு நாள் பார்த்துவிட்டு, தானும் நாக்கால் தொட்டுப் பார்த்துக்கொண்டார். நானும் செய்து பார்த்தேன். வாயெல்லாம் துவர்ப்பு. அதற்கு மேல் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

படகு பாதி முடிந்தபோது மேஸ்திரி ஒரு வார்த்தை சொன்னார். முதல் தண்ணீர் பட்டுக் காய்ந்த பிறகே பலகைக்கு எண்ணெய் பூசுவது அவர் முறை. ஆகவே படகை ஆற்றில் தள்ளும் நாளில், மேலே தண்ணீர் ஊற்றியதும் இரண்டு பக்கமும் சுற்றிப் பார்ப்பாராம். எந்தப் பக்கத்தில் அவர் கண்ணுக்கு வில்லை தெரியவில்லையோ அந்தப் பக்கத்துக்காரருக்குக் குழலுளி. ஊருக்குப் போனால் வேறு செய்துகொள்வாராம்.

எனக்கு அன்றிலிருந்து தூக்கம் சரியாக இல்லை. அக்கா அதைக் கேட்டுவிட்டு எப்போதும்போல ஏதோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டு வேலை செய்தாள். அவள் என்னோடு போட்டி போட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவள் போடவே இல்லை. என் பக்கம் வந்து ஒரு வில்லையின் சாய்வைப் பார்த்து, "இதைத் திருப்பி வையுடா, தெரியுது பாரு" என்று சொல்லிவிட்டுப் போவாள். அவள் போன பிறகு திருப்பி வைப்பேன். சரியாக வந்துவிடும். அது இன்னும் எரிச்சலாக இருக்கும்.

ஆடிப் பதினெட்டில் படகு இறங்கவேண்டும் என்று துறைக்காரர் நாள் குறித்திருந்தார். அன்று காவேரிக்குப் பூசை வைத்து, முளைப்பாரி விட ஊரே ஆற்றுக்கு வரும். அதற்கு முந்தின நாள் காலையில் அம்மா வந்து, வீடு மெழுக ஆள் வேண்டும் என்று அக்காவைக் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். ஊர்ப் பக்கத்தில் கடைசிப் பலகை ஒன்று மட்டும் பாக்கி. அதற்கு வேண்டிய நாற்பது வில்லைகளை அக்கா வெட்டி, குழி வரிசைப்படி ஒரு கொட்டாங்குச்சியில் அடுக்கி வைத்திருந்தாள். ஒவ்வொன்றின் தலையிலும் ரேகை ஓடும் திசைக்குக் கரியால் ஒரு கோடு. போகும்போது கொட்டாங்குச்சியை என்னிடம் கொடுத்து, "அப்பாகிட்ட குடு. மேலிருந்து ஒண்ணொண்ணா எடுக்கச் சொல்லு. கோட்டைப் பாத்து வைக்கச் சொல்லு" என்றாள்.

மேஸ்திரி துடுப்பு வேலையில் இருந்தார். அப்பா சட்டியில் குங்கிலியத்தைக் கிண்டிக்கொண்டிருந்தார். நான் கொட்டகைக்குப் பின்னால் போய் ஓலை மடிப்பிலிருந்து துணியை எடுத்தேன். கொட்டாங்குச்சியின் மேல்வரிசையிலிருந்து அவளுடைய வில்லைகளை ஒவ்வொன்றாக எடுத்து மணலில் புதைத்து, அந்த இடத்தில் என் குடிகார வில்லைகளை வைத்தேன். கரிக்கோடும் போட்டேன். பதினொன்று வைத்திருந்தபோது, "என்றா பண்றே அங்க?" என்று அப்பா கூப்பிட்டார். மிச்சத்தை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன்.

கொட்டாங்குச்சியை வாங்கியபோது அப்பா அதற்குள் பார்க்கவே இல்லை. மேலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து, குங்கிலியத்தில் தோய்த்து, குழியில் வைத்துக் மரக் கொட்டாப்புளியால் தட்டிக்கொண்டே போனார். முப்பது வருடம் மரத்தோடு புழங்கிய மனிதர். ஒரு தடவை குனிந்து பார்த்திருந்தால் போதும், வளையம் வளையமாகக் குறுக்குவெட்டு தெரிந்திருக்கும். தட்டும்போது அவர் வாய்க்குள் சொல்லிக்கொண்டது எனக்குக் கேட்டது. "சக்கை. சக்கைக்குத் தலையென்ன, காலென்ன." என் நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தாலா என்று இப்போது யோசித்தால், இல்லை, சந்தோஷத்தால்தான்.

மறுநாள் கரை முழுக்க ஜனம். படகுக்கு மஞ்சள் பூசிப் பொட்டு வைத்து மாலை போட்டிருந்தார்கள். பூசை முடிந்து, துறைக்காரர் வீட்டுப் பெண்கள் ஐந்து குடத்தில் ஆற்றுத் தண்ணீர் கொண்டுவந்து இரண்டு பக்கமும் ஊற்றினார்கள். வேங்கைப் பலகை நனைந்து பொன் மாதிரி ஆயிற்று. எல்லோரும் ஆகாவென்று நின்றபோது, ஊர்ப் பக்கத்து மேல் பலகையில் ஒவ்வொன்றாகப் புள்ளி எழும்பியது. நான் எண்ணிக்கொண்டிருந்தேன். பதினொன்றாவது வர மட்டும் கொஞ்சம் நேரமாயிற்று.

துறைக்காரர் கிட்டே போய்க் குனிந்து பார்த்தார். "ஏனுங்க ஆசாரி, இதென்னுங்க, அம்மை வார்த்தாப்புல இருக்குது?"

அப்பா ஓரடி பின்னால் நகர்ந்தார். "அந்தப் பக்கம் பொட்டப்புள்ளை செஞ்சதுங்க. மேஸ்திரிதான் நம்பி அவ கையில குடுத்தாருங்க."

அக்கா முளைப்பாரிச் சட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்களோடு நின்றாள். அத்தனை ஜனத்துக்கு நடுவில், குரலை உயர்த்தாமல், "அது என்னுது இல்லீங்க" என்றாள்.

"கம்முன்னு இரு புள்ளை" என்றார் அப்பா.

மேஸ்திரி இடுப்பிலிருந்து ஒரு சின்ன உளியை எடுத்து, ஒரு புள்ளியின் நடுவில் குத்தி நெம்பினார். கறுத்த வில்லை முழுசாக வந்துவிட்டது. அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைத் தேடினார். நான் அம்மாவின் பின்னால் இருந்தேன். ஒரு நொடிதான் பார்த்தார். வில்லையைக் கொண்டுபோய் அப்பாவின் உள்ளங்கையில் வைத்தார். அப்பா குனிந்து பார்த்தார். விரல்களை மூடினார். மூடிய கையை மடிக்குள் கொண்டுபோனார். நல்ல நேரம் போய்க்கொண்டிருக்கிறது என்று பூசாரி அவசரப்படுத்தினார். மேஸ்திரி அக்காவைப் பார்த்து வா என்று கையைக் காட்டினார், பெயர்த்த குழிக்குப் புது வில்லை வைக்க. அப்பா, "வேண்டாமுங்க, நானே அடைக்கறனுங்க" என்று அவரே ஒரு வில்லையை எடுத்துத் தட்டினார்.

அப்பா ஏமாந்துவிட்டார் என்றுதான் நான் வெகுநாள் நினைத்திருந்தேன். நானே ஆசாரியாகி, மரம் பழகிய பிறகுதான் புரிந்தது. அந்த வில்லையை வெறுங்கண்ணால் பார்த்த எந்த ஆசாரிக்கும், அது குச்சியில் அறுத்தது என்று தெரியாமல் இருக்காது. ஐம்பது குடிகாரனைக் கொண்டுவந்து கொட்டியது யார் என்பதும் அவருக்கு மறந்திருக்காது. அப்பா உண்மையைச் சொல்லவேண்டுமானால், 'பார்க்காமல் அடித்தது நான்தான்' என்று மேஸ்திரியின் முன்னால் சொல்லவேண்டும். அவரால் அது முடியவில்லை. அவர் இறந்த பிறகு உளிப்பெட்டியைக் காலி செய்தேன். அடியில் கிழிந்த துணி மடிப்பில் அந்த வில்லை இருந்தது. அடுப்பில் போடாமல் ஏன் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. நானும் ஐம்பதை அடுப்பில் போடாமல் வைத்திருந்தவன்தானே.

முதல் அக்கரைப் பயணத்தில் அப்பா என்னைத் தூக்கிப் படகின் முன்முனையான அணியத்தில் உட்காரவைத்தார். அக்காவை ஏற்றவில்லை. தண்ணீர் இரண்டு பக்கமும் நுரைத்துப் போயிற்று. கொட்டுச் சத்தம். எனக்கு அது பெரிய சந்தோஷமாக இருந்திருக்கவேண்டும். திரும்பிக் கரையைப் பார்த்தேன். மேஸ்திரி படகில் ஏறவில்லை. தான் கட்டிய படகு முதல் தடவை போகும்போது, அவர் கரையில் அக்காவின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு பேரும் படகைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். நடு ஆற்றில், மாலை போட்ட படகில் உட்கார்ந்துகொண்டு, நான் கரையில் நிற்பவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன்.

அன்று மத்தியானம் வீட்டின் பின்புறம் அக்கா பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். அடிப்பாள் என்று எதிர்பார்த்துத்தான் போய் நின்றேன். அவள் நிமிரவில்லை.

"பதினொண்ணுதானா உன்னால முடிஞ்சுது? கொட்டாங்குச்சியில நாப்பது இருந்துச்சு."

"அப்பா கூப்புட்டாரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பை என்னால் எந்தப் பக்கமும் திருப்பி வைத்துப் பார்க்க முடியவில்லை.

இரண்டு நாள் கழித்து மேஸ்திரி ஊருக்குப் புறப்பட்டார். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்லிக்கொண்டார். குழலுளியைத் தன் தோளில் கிடந்த துண்டால் துடைத்து, அக்காவிடம் நீட்டி, "மோளே, இது நினக்கு" என்றார். என் தலையில் கையை வைத்துவிட்டுப் போனார். அவர் வண்டி தெருமுனை திரும்பியதும் அப்பா அக்காவின் கையிலிருந்து அதை வாங்கினார். கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு உளி எதற்கு என்றார். "இந்தா சாமி, நீ வச்சுக்கோ" என்று என்னிடம் கொடுத்தார். அம்மா சரி என்பதுபோல உள்ளே போனாள். அதன்பிறகு அக்காவை யாரும் கொட்டகைக்கோ பட்டறைக்கோ கூப்பிடவில்லை. துறைக்காரர் பேசிக்கொண்டிருந்த இரண்டாவது படகும் கட்டப்படவில்லை.

குழலுளி என் கைக்கு வந்துவிட்டது. எத்தனையோ கட்டிலுக்கும் கதவுக்கும் அதை வைத்து வில்லை வெட்டினேன். நல்ல வேலை என்று எல்லோரும் சொன்னார்கள். சொல்கிறவர்கள் விரலால் வில்லையைத் தொட்டுக் காட்டித்தான் சொன்னார்கள். காட்டும்படி இருந்தது.

நாலு வருடத்தில் அக்காவுக்குத் திருச்செங்கோட்டில் கல்யாணமாயிற்று. புருஷன் வீட்டுக்குப் புறப்படும் காலையில், வண்டியில் சாமான் ஏற்றும்போது, என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அந்தக் குழலுளியைக் குடுடா. அங்கயும் மரம் இருக்குது." அவ்வளவுதான் கேட்டாள். அதற்கு முன்போ பின்போ அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை.

"அது தொலைஞ்சு போச்சுக்கா" என்றேன். அது அப்போது என் தலைக்கு மேலே, கூரைச் சந்தில், எண்ணெய்த் துணியில் சுற்றியிருந்தது. அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு கூரையைப் பார்த்தாள். வண்டி ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு எனக்கு அதை வெளியே எடுக்கவே முடியாமல் போயிற்று. யாராவது பார்த்து அவளிடம் சொல்லிவிடுவார்களோ என்று பயம். சில வருடம் கழித்துக் கூரையைப் பிரித்து ஓடு போட்டபோது துணியைத் தேடினேன். துணியும் இல்லை, குழலுளியும் இல்லை. வேலைக்கு வந்த ஆட்களிடம் கேட்கவும் எனக்குத் தைரியம் வரவில்லை. என்ன தேடுகிறீர்கள் என்று கேட்டால் என்ன சொல்வது?

மூன்று வருடத்துக்கு முன்னால் துறைக்காரரின் மகன் பழைய மாட்டுக்கொட்டாயை இடித்தார். படகைப் பிரித்த பலகைகள் அங்கே தீவனத் தொட்டிக்குப் பக்கச்சட்டமாக இருந்தன. எனக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அந்தப் பலகையைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது. பாதிதான் மிஞ்சியிருந்தது. இருபது குழி இருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து லேசாக இழைத்தேன். அத்தனை வருடச் சாணிக்கும் உப்புக்கும் கீழே வேங்கை அப்படியே இருந்தது.

அந்த வாரம் என் பேத்திக்குக் காதுகுத்து. தாய்மாமன் சீர், பந்தி என்று வீடு நிறையக் கூட்டம். அக்கா திருச்செங்கோட்டிலிருந்து வந்திருந்தாள். விருந்து முடிந்து எல்லோரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தபோது அவள் பட்டறைப் பக்கம் வந்தாள். பலகை முக்காலி மேல் கிடந்தது. என்ன என்று கேட்கவில்லை. ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அதன்மேல் சரித்தாள். புள்ளிகள் எழும்பின.

"இது உன்னுது. பத்து" என்றாள். விரலை இன்னொரு இடத்துக்கு நகர்த்தினாள். அங்கே ரேகை கொஞ்சம் குறுக்கே போயிருந்தது. "இது அப்பா அடிச்சது."

"உன்னுது எங்கக்கா?" என்று கேட்டேன். கேட்டபோது என் குரல் பத்து வயதுக் குரல் மாதிரி இருந்தது எனக்கே தெரிந்தது.

அவள் ஆள்காட்டி விரலை நாக்கில் தொட்டுப் பலகையில் வைத்தாள். "இங்க." நாலு விரல் தள்ளி, "இங்க." பிறகு இன்னும் தள்ளி. கண்ணாடிகூடப் போட்டிருக்கவில்லை. மிச்சமிருந்த ஒன்பதையும் தொட்டுக் காட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். "தெரியுதா?"

நான் குனிந்து, அவள் விரல் பட்டு ஈரமாயிருந்த இடத்துக்கு அருகில் முகத்தை வைத்துப் பார்த்தேன். ரேகை ஒரு பக்கமிருந்து வந்து மறுபக்கம் போயிற்று. எங்கேயும் நிற்கவில்லை.

"தெரியுதுக்கா" என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டு, "சரி, பஸ்ஸுக்கு நேரமாச்சு, நான் வாரேன் சாமி" என்று போனாள். அவள் போன பிறகு கதவைச் சாத்திக்கொண்டு, விரலை நாக்கில் தொட்டுப் பலகை முழுக்க வைத்துப் பார்த்தேன். வெகுநேரம் பார்த்தேன். வாயில் அந்தப் பழைய துவர்ப்பு மட்டும் ஏறிக்கொண்டே இருந்தது. அவளுடைய வில்லை ஒன்றுகூட எனக்கு அகப்படவில்லை.